சப்டிவைட் என்றால் என்ன?

மலாக்காப் பட்டணத்தில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் நிலக் கோப்புகளைப் பார்க்கும் கிராணியாக என் வேலைக்காலம் கழிந்தது. சேர்ந்த புதிதில் மூத்த கிராணி நேஷனல் லேண்ட் கோட் புத்தகத்தைக் கையில் கொடுத்து, ஒன்பதாம் பாகத்தை முதலில் படி என்றார். 1965இல் இயற்றப்பட்டு 1966 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த சட்டம் அது. அந்தப் பாகம் முழுக்க மூன்று ஆங்கில வினைச்சொற்களைச் சுற்றியே எழுதப்பட்டிருக்கிறது: சப்டிவைட், பார்ட்டிஷன், அமால்கமேட்.

நிலத்தின் சொந்தக்காரர் அதைப் பல துண்டாக்கி, துண்டுக்கொரு பட்டா வாங்கினால் அது சப்டிவைட். கூட்டாக வைத்திருப்பவர்கள் ஆளுக்கொரு பங்கு எடுத்துக்கொண்டு விலகினால் பார்ட்டிஷன். ஒட்டிக் கிடக்கும் நிலங்களை ஒரே பட்டாவுக்குள் கொண்டுவந்தால் அமால்கமேட். விண்ணப்பப் பாரங்களும் அதே வரிசையில் 9ஏ, 9பி, 9சி. இரண்டாவது நமக்குப் பழகிய பாகப்பிரிவினைதான். எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. முதல் சொல்லைத்தான் மலாக்காத் தோட்டங்களில் எங்கள் சனங்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

நான் பிறந்தது சுங்கை ஊடாங் பக்கத்தில் ஒரு கித்தாத் தோட்டத்தில். இந்த மாநிலம்தான் மலாயாவின் ரப்பர் வியாபாரத்துக்குத் தொட்டில்: 1896இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் என்பவர் போட்ட மரங்களிலிருந்துதான் தோட்ட ரப்பர் தொடங்கியது. அதன் பின்னாலேயே வெள்ளைக்காரக் கம்பெனிகள் வந்தன, கங்காணிகள் வந்தார்கள், கப்பல் கப்பலாக எங்கள் பாட்டன் பூட்டன் வந்தார்கள். 1950களில் காற்று திரும்பியது. அவசரகாலம், நெருங்கிவரும் சுதந்திரம், வயதான மரங்கள், செயற்கை ரப்பரின் போட்டி. விற்றுவிட்டுப் போவதே நல்லது என்று பல கம்பெனிகள் முடிவு செய்தன. வாங்க வந்தவர்கள் பெரும்பாலும் பட்டணத்து முதலாளிக் கூட்டுகள். முழுத் தோட்டத்தையும் மொத்தமாக வாங்கி, பத்தும் இருபதுமாக ஏக்கரைப் பிரித்து விற்றார்கள். லாபம் அந்தப் பிரிப்பில்தான் இருந்தது.

எங்கள் தோட்டத்துக்கு அந்தச் சேதி, வேலைக்கு ஆள் எண்ணும் விடியற்காலைப் பெரட்டில் வந்தது. கிராணி ஐயா ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு, "தோட்டத்தை சப்டிவைட் பண்ணப் போறாங்களாம்" என்றார். அப்படின்னா என்னங்க என்று யாரோ கேட்க, "துண்டு துண்டா எழுதிக்கப் போறாங்க" என்றார். அப்போது என் அப்பா கேட்ட கேள்வியைத் தோட்டத்தில் வெகுநாள் பேசிக்கொண்டிருந்தார்கள்: "அப்ப நம்ம லயம் எந்தத் துண்டுலங்க வரும்?"

பதிலைச் சர்வேக்காரர்கள்தான் கொண்டுவந்தார்கள். சிவப்புச் சாயம் அடித்த கட்டைகளை வரிசையாக நட்டுக்கொண்டே போனார்கள். நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயம் ஒரு துண்டில் விழுந்தது. அதற்குத் தண்ணீர் தந்த பைப்பு அடுத்த துண்டில். மாரியம்மன் கோயில் மூன்றாவது துண்டில். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை யாருக்கும் வேண்டாத மூலையில் நின்று, பலகை பலகையாகக் காணாமல் போனது. குடத்தைத் தூக்கிக்கொண்டு போன என் அம்மாவிடம், பைப்புத் துண்டை வாங்கியவரின் ஆள் வந்து, இனிமேல் இங்கே வரக்கூடாது என்றான். புது முதலாளிகள் குத்தகைக்கு ஆள் பிடித்து மரம் சீவினார்கள்; பாலில் பாதிக்குப் பாதி கூலி. சம்பளச் சீட்டு இல்லை, மருந்து இல்லை, வேலை நீக்கத்துக்கு முன்னறிவிப்பும் இல்லை. 100 ஏக்கருக்குக் குறைந்தால் கணக்கில் அது எஸ்டேட்டே இல்லை, சிறுதோட்டம். தொழிலாளர் சங்கம் கம்பெனிகளோடு போட்ட ஒப்பந்தம் அந்த முதலாளிகளைக் கட்டுப்படுத்தவில்லை. வாலிபர்கள் சிலர் காமன்வெல்த் படைக்காகக் கடலோரத்தில் கட்டிய தெரெண்டாக் முகாமில் வேலை தேடிப் போனார்கள். வயதானவர்களுக்கு அந்த வழியும் இல்லை.

அரசாங்கத் தாள்களில் இதற்குப் பெயர் சப்டிவிஷன். 1951 முதல் 1960 வரை நடந்ததை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் உங்கு அசிஸின் அறிக்கைத் தலைப்பிலும் அதே சொல்தான். சங்கத்துக்காரர்கள் ஃபிராக்மென்டேஷன் என்றார்கள். 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் அதன் பொதுச் செயலாளர் பி. பி. நாராயணனும் அந்தச் சொல்லைத்தான் மேடைக்கு மேடை கொண்டுபோனார்கள். தமிழில் அது துண்டாடல் ஆனது. மூன்று சொல்லுக்கும் ஒரே சங்கதிதான் பொருள் என்று எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. சப்டிவைட் என்ற வினைக்குச் செயப்படுபொருள் நிலம் மட்டுமே. சட்டத்தின் வாக்கியத்தில் உரிமையாளர் இருக்கிறார், நிலம் இருக்கிறது, பட்டா இருக்கிறது. லயத்துச் சனம் இல்லை. துண்டாடல் என்றபோது குடும்பமும் சேர்ந்து வெட்டுப்பட்டது கேட்பவருக்குப் புரிந்தது. எங்கள் சனம் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டது சரிதான் என்பதே என் தீர்ப்பு.

எதிர்த்து நிற்கவும் செய்தார்கள். அன்றைய மந்திரி வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்து பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் திரட்டி, மறு வருடம் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை முழுசாக வாங்கினார். பத்து வெள்ளி அன்றைக்குச் சின்னப் பணம் இல்லை. மலாக்காவிலோ 1967இல், குனோங் லேடாங் அடிவாரத்துப் புக்கிட் ஆசாஹான் தொழிலாளர்கள், தோட்டம் கூறுபோடப்படுவதை எதிர்த்துக் கோலாலம்பூரை நோக்கி நடந்தே புறப்பட்டார்கள். ஜாசின் பக்கத்துப் பெரியவர்களிடம் அந்த நடையைப் பற்றிக் கேட்டால் இன்றைக்கும் குரல் மாறும். அடுத்த வருடமே வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாளக் கார்டுக்காரர்கள் வேலை பெர்மிட் எடுக்க வேண்டியதாயிற்று. ஏறத்தாழ 60,000 பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். துண்டாடலில் லயத்தை இழந்தவர்களும் அவர்களில் உண்டு.

9ஏ பாரத்தை எத்தனையோ பேருக்கு நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். நிலத்தின் மேல் பதிவான உரிமை வைத்திருப்பவர்கள் எழுத்துமூலம் சம்மதிக்க வேண்டும் என்பது 136ஆம் பிரிவின் நிபந்தனை. நிலம் அடமானத்தில் இருந்தால் பேங்க் கையெழுத்துப் போட வேண்டும். பதிவான குத்தகைக்காரரும் போட வேண்டும். மூன்று தலைமுறையாக லயத்தில் குடியிருந்தவர் பதிவில் இல்லை, ஆகவே அவரிடம் யாரும் கேட்பதில்லை. மலாயில் அந்தப் பாரத்தின் பெயர் பெச்சா செம்பாடான், எல்லையை உடைப்பது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிவப்புக் கட்டைகள்தான் நினைவில் வரும்.

பிற்பாடு சட்டத்தில் 214ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். எஸ்டேட் நிலத்தை யாருக்கு மாற்றுவதானாலும் முதலில் எஸ்டேட் நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்கிறது அது. எஸ்டேட் நிலம் என்றால் 40 ஹெக்டருக்குக் குறையாத விவசாய நிலம். எங்கள் தோட்டத்தில் அந்த அளவுக்கு ஒரு துண்டுகூட அப்போது மிச்சமில்லை.