பிரிண்டர் ஓடாத நாள்

ஆவாரம் பட்டையில் பதனிட்ட நம் பக்கத்துத் தோல் லண்டன் ஏலத்துக்குக் கப்பலேறிய காலத்தில், கடல் தாண்டிப் பணம் கேட்கும் மாற்றுண்டியலை ஒற்றைத் தாளாக அனுப்பமாட்டார்கள். இரண்டு மூன்று படிகள் எழுதுவார்கள். முதல் படி ஒரு கப்பலில் போகும், இரண்டாம் படி அடுத்த கப்பலில். ஒன்றுக்குப் பணம் கொடுத்துவிட்டால் மற்றது செல்லாது என்று எல்லாவற்றிலும் எழுதியிருக்கும். 1881ஆம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 132ஆம் பிரிவு இந்த வழக்கத்துக்காகவே இருக்கிறது. கப்பல் மூழ்கினாலும் பணம் வரும். எவனாவது ஒரு படியில் கைவைத்தால் இன்னொன்று காட்டிக்கொடுக்கும்.

நான் ஒடுகத்தூர்க்காரன். ஆம்பூர் தோல் ஷாப்களிலும் பிறகு ஷூ கம்பெனிகளிலும் கணக்கு எழுதியே தலை நரைத்தவன். 'எல்லாம் கிளவுடில் பத்திரமா இருக்கு சார்' என்று பசங்க சொல்லும்போதெல்லாம் அந்த இரண்டாம் படி யார் கையில் இருக்கிறது என்றுதான் கேட்கத் தோன்றும்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது அன்றாடக் கணக்கான சிட்டாவை எழுதுகிறவர் ஒருவர், அதைப் பார்த்துப் பேரேட்டில் ஏற்றுகிறவர் வேறொருவர். இருவரும் கூட்டுச் சேர்ந்தாலொழிய திருட முடியாது. எழுதியதைச் சுரண்டக் கூடாது. தப்பாகிவிட்டால் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்கவேண்டும். பக்கத்தின் அடியில் மிஞ்சும் வெற்றிடத்துக்குக் குறுக்குக் கோடு. 'ரூபாய் ஐந்நூறு மட்டும்' என்பதில் அந்த 'மட்டும்' எதற்கு? பின்னால் எவனும் எதையும் ஒட்டக் கூடாதே, அதற்குத்தான். இவ்வளவு செய்தும் கோர்ட் கணக்குப் புத்தகத்தை முழுசாக நம்பாது. 2024 வரை அமலில் இருந்த 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, கணக்கு முறைப்படி எழுதியிருந்தாலும் அதை மட்டும் வைத்து ஒருவன் தலையில் கடனைக் கட்ட முடியாது என்றது. வெள்ளைக்காரன் நம் குமாஸ்தாக்களை நன்றாகவே அறிந்திருக்கிறான்!

பாங்குகளுக்கும் இதே எச்சரிக்கை இருந்தது. தந்தியில் பணம் அனுப்பிய காலத்தில், தொகையையும் தேதியையும் வைத்து ஒரு ரகசிய அட்டவணைப்படி கூட்டி எடுத்த எண்ணைச் செய்தியோடு சேர்ப்பார்கள். அந்தப் பக்கத்தில் அதே கூட்டலைப் போட்டுப் பார்ப்பார்கள். எண் ஒத்துவராவிட்டால் பணம் நகராது.

1986இல் பெங்களூரில் கோயங்கா அப்பாவும் மகனும் தொடங்கிய கம்பெனியிலிருந்து டேலி என்ற கணக்கு மென்பொருள் வந்தது. வவுச்சரைப் போட்டால் பேரேடு தானே ஏறிக்கொண்டது. பத்து நாள் வேலை அரை மணியில் முடிந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டு கை ஒரு கையாகிவிட்டது. ஆல்ட்டையும் டி-யையும் சேர்த்து அழுத்தினால் வவுச்சர் போயே போச்சு, அடித்த கோடுகூட மிஞ்சாது. கம்பெனிகள் வைக்கும் கணக்கு மென்பொருளில் திருத்தியதெல்லாம் தேதியோடு பதிவாகவேண்டும், அந்தப் பதிவை நிறுத்தவும் முடியக் கூடாது என்று விதி அமலுக்கு வந்தது 1.4.2023இல்தான். பழைய குமாஸ்தாவின் சுருக்கொப்பம் திரும்பி வர இத்தனை வருஷம்.

நடுவில் கும்பகோணத்து பாங்க் ஒன்றுக்கு நடந்ததைச் சொல்லவேண்டும். 1904இல் தொடங்கிய சிட்டி யூனியன் பாங்க். 2018 பிப்ரவரியில் பாங்குகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் வழியாக அதிலிருந்து மூன்று போலிப் பரிமாற்றங்கள் போயின. துபாய், துருக்கி, சீனா; கிட்டத்தட்ட 20 லட்சம் டாலர். துபாய்க்குப் போனதை நியூயார்க்கிலேயே நிறுத்திவிட்டார்கள். திருடர்கள் பாங்கின் பிரிண்டரையும் முடக்கியிருந்தார்கள். அனுப்பிய பணத்துக்கு ஒப்புகை வந்து தாளில் விழும் அல்லவா, அது விழவில்லை. மறுநாள் காலை கணக்கு நேர்பார்த்தபோதுதான் தெரிந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்பு வங்கதேச மத்திய வங்கியில் 8 கோடியே 10 லட்சம் டாலர் போனபோதும் பிரிண்டர் வேலை செய்யவில்லை. கோடிக்கணக்கில் அடிக்க வந்தவன் பயந்தது ஒரு தாளுக்கு.

எங்கள் தொழிலில் திருடன் மெயிலில் வருகிறான். நான் பார்த்த ஓர் ஆபீஸில் இத்தாலிக்கார பையர் அனுப்பவேண்டிய பணம் வரவில்லை. கேட்டால் 'அனுப்பிவிட்டோமே' என்கிறார். 'ஆடிட் நடக்கிறது, பழைய அக்கவுண்டில் போடவேண்டாம்' என்று அவருக்கு மெயில் போயிருக்கிறது. எங்கள் பில் நம்பர், கன்டெய்னர் நம்பர் எல்லாம் சரி. முகவரியில் மட்டும் ஓர் எழுத்து அதிகம். யாரோ மெயில் பெட்டிக்குள் பல நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்திருக்கிறான். பையர் ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் அதுதான் பழைய தந்தி எண்.

கம்பெனிச் சட்டத்துக்குள் வருகிறவர்கள் கணக்கின் நகலை இந்தியாவிலுள்ள சர்வரில் தினமும் எடுத்து வைக்கவேண்டும் என்பது 2022 ஆகஸ்ட் விதி. ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைத்துக் கொடுக்கும் சின்ன ஜாப் ஒர்க்காரர்களைக் கேட்பார் இல்லை. அவர்களுடைய டேலி ஃபோல்டர் கூகுள் டிரைவோடு சேர்ந்தே ஓடுகிறது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், அதற்குள் எவராவது கவனித்தால் உண்டு. அந்த டிரைவும் பெரும்பாலும் கணக்கு எழுதும் பையனின் சொந்த ஜிமெயிலில்தான். முன்பு வேலையைவிட்டு நிற்கிற குமாஸ்தா சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போவார். இப்போது பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கினாலும் ஓடிபி அந்தப் பையன் போனுக்குத்தான் போகிறது.