ஜி, எஃப் என்ற இரண்டு எழுத்து

கம்ப்யூட்டர்களின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் பெரிய பெரிய யந்திரங்களைப் பற்றியும், அவற்றால் கோடீசுவரர் ஆனவர்களைப் பற்றியும் எழுதுவார்கள். நான் சொல்லப்போவது ஒரு சின்ன வழக்கத்தின் சரித்திரம். ஒரு புரோகிராம் இன்னொன்றிடம் கணக்கை ஒப்படைத்தால், விடையை எந்த அளவுள்ள பாத்திரத்தில் வைத்துத் திருப்பித் தருவது என்கிற வழக்கம். 2005-ம் வருஷத்தில் அது மாறிற்று. லினக்ஸ் யந்திரம் வைத்திருந்த ஆராய்ச்சிக்காரர்கள் அதனால் பட்ட பாடு கொஞ்சமல்ல.

1957-ல் அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனியைச் சேர்ந்த ஜான் பாக்கஸும் அவருடைய சகாக்களும் ஃபார்ட்ரான் என்ற பாஷையை வெளியிட்டார்கள். சூத்திரத்தைக் கிட்டத்தட்ட அப்படியே எழுதிக் கொடுத்தால் யந்திரம் புரிந்துகொள்ளும். விஞ்ஞானிகள் அதை விடவே இல்லை. நூற்றுக்கணக்கான சமன்பாடுகளை ஒரே மூச்சில் தீர்க்கும் புரோகிராம்களை எழுபதுகளில் அந்தப் பாஷையில் எழுதிக் குவித்தார்கள். 1979-ல் 'பிளாஸ்', 1992-ல் 'லாபேக்' என்ற தொகுப்புகள் வந்தன. நடுவே 1985-ல் ஜாக் டாங்கரா, எரிக் கிராஸ் என்ற இருவர் 'நெட்லிப்' என்ற ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். இன்ன புரோகிராம் வேண்டும் என்று மின்னஞ்சலில் ஒரு வரி எழுதினால் போதும். யந்திரமே கடிதத்தைப் படித்து, யந்திரமே அனுப்பிவைக்கும். காசு கிடையாது. கேட்டவர்களுக்கெல்லாம் தம் கதையை இனாமாக அனுப்பும் எழுத்தாளர் ஒருவரையும் நான் இதுவரை பார்த்ததில்லை!

1991-ல் ஹெல்சிங்கி சர்வகலாசாலை மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதினார். 1993-ல் இயன் மர்டாக் என்ற இருபது வயதுப் பையன், காதலி டெப்ராவின் பெயரோடு தன் பெயரையும் சேர்த்து 'டெபியன்' என்ற லினக்ஸ் தொகுப்பை ஆரம்பித்தான். புரோகிராம்களைத் தனித்தனி மூட்டைகளாகக் கட்டி, ஒவ்வொரு மூட்டையின் மேலும் 'எனக்கு இன்னின்ன மூட்டைகள் துணை வேண்டும்' என்று சீட்டு ஒட்டுவார்கள். கல்யாண வீட்டு உக்கிராணத்தைப் போல எல்லாம் கணக்காக இருக்கும். ஆனால், சீட்டில் எழுதாத விஷயங்களும் உலகத்தில் உண்டல்லவா?

ஃபார்ட்ரானை யந்திரத்தின் பாஷையில் பெயர்த்துத் தருகிற கருவிக்குக் கம்பைலர் என்று பெயர். லினக்ஸில் அந்த வேலையைச் செய்துவந்தது ஜி-77. பெல் லாபரட்டரியில் உண்டான வேறொரு கருவியின் சம்பிரதாயத்தை அது பின்பற்றிற்று. அந்தச் சம்பிரதாயமோ பழைய 'சி' பாஷையிலிருந்து வந்தது. அரைப்படி கேட்டாலும் முழுப்படிப் பாத்திரத்தில் வைத்துத்தான் தருவது என்பது அந்த வீட்டு வழக்கம். அதாவது 32 பிட்டில் அடங்கும் விடையை 64 பிட் அளவாக்கித் தரும். வாங்குகிறவனுக்கும் அது தெரிந்திருந்தபடியால் பல வருஷம் வம்பில்லை.

2005 ஏப்ரலில் ஜி.சி.சி. என்ற கம்பைலர் தொகுப்பின் நாலாம் பதிப்பு வந்தது. கிழவர் ஜி-77 வெளியேற, ஜிஃபார்ட்ரான் என்ற புதுக் கம்பைலர் குடிபுகுந்தது. அரைப்படிக்கு அரைப்படிப் பாத்திரம் என்பது இதன் நியாயம். நியாயம் சரிதான். ஆனால், கணக்குப் போடும் பிளாஸ் பழைய கம்பைலரில் தயாரானது, அதைக் கூப்பிடும் புரோகிராம் புதியதில் தயாரானது என்றால் என்ன ஆகும்?

1, 2, 3 என்ற எண்கள் ஒவ்வொன்றையும் ஒன்றால் பெருக்கிக் கூட்டச் சொல்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடை 6. பிளாஸ் ஒழுங்காக 6 என்று கண்டுபிடித்து முழுப்படிப் பாத்திரத்தில் வைக்கிறது. கேட்டவன் பாத்திரத்தில் பாதியை மட்டும் பார்க்கிறான். 64 பிட் யந்திரங்களில் அந்தப் பாதி காலி. '0' என்று எழுதிக்கொண்டு மேலே போய்விடுகிறான்! இரண்டு கம்பைலரிலும் பெயர் ஒன்றேயாதலால், இணைக்கும்போது யந்திரம் ஓர் ஆட்சேபமும் சொல்வதில்லை. சிக்கலெண்கள் வருகிற இடமானால் புரோகிராம் பெரும்பாலும் அப்படியே விழுந்து செத்துவிடும். அது நல்ல காலம். செத்தால் ஏன் என்று விசாரிப்போம். சாகாமல் தப்பு விடையைச் சொல்லிக்கொண்டு நடமாடுகிறதே, அதுதான் பயங்கரம். பாலம் கட்டுகிறவனும் மருந்து ஆராய்கிறவனும் அந்த எண்ணை நம்பித்தானே அடுத்த வரியை எழுதுகிறார்கள்?

அந்தச் சமயத்தில்தான் பைத்தான் பாஷையும் விஞ்ஞானிகளிடையே பரவியது. 2001-ல் சைபை, 2006-ல் நம்பையின் முதல் முழுப் பதிப்பு. இவற்றின் அடித்தளமும் அதே பிளாஸ், லாபேக்தான். பைத்தான் மட்டும் படித்த மாணவன், தான் பிறப்பதற்கு முன்னால் எழுதப்பட்ட ஃபார்ட்ரானின் குடும்பச் சண்டையில் போய் மாட்டிக்கொண்டான். நோயைக் கண்டுபிடிக்க நாடி பார்ப்பது போல ஒரு வழி சொல்லிக்கொடுத்தார்கள். 'எல்.டி.டி.' என்ற கட்டளையை நூலகத்தின் மேல் ஏவினால், அது யார் யாரை நம்பியிருக்கிறது என்று பட்டியல் வரும். அதில் 'லிப்ஜி2சி' என்றிருந்தால் பழைய கம்பைலர். 'லிப்ஜிஃபார்ட்ரான்' என்றிருந்தால் புதியது. ஒரே பட்டியலில் இரண்டும் இருந்தால் அங்கேதான் வியாதி. எல்லாவற்றையும் ஒரே கம்பைலரால் முதலிலிருந்து கட்டவேண்டியதுதான்.

டெபியன்காரர்கள் செய்த பரிகாரம் எனக்கு மிகவும் பிடித்தது. புதுக் கம்பைலரில் கட்டிய மூட்டைகளின் பெயருக்குப் பின்னால் 'ஜி, எஃப்' என்று இரண்டு எழுத்தை ஒட்டினார்கள். 'லிப்பிளாஸ்3' என்றிருக்க வேண்டியது 'லிப்பிளாஸ்3ஜிஎஃப்' ஆயிற்று. பெயர் வேறானதும் பழையதும் புதியதும் தெரியாமல் கலப்பது நின்றது. பிளாஸை நம்பியிருந்த மூட்டைகளையெல்லாம் ஒவ்வொன்றாக அவிழ்த்து மறுபடி கட்டினார்கள். 2009 பிப்ரவரியில் வந்த பதிப்பில் அந்த வேலை முடிந்திருந்தது. செய்தவர்களில் பெரும்பாலோர் தொண்டர்கள், சம்பளம் கிடையாது.

பைத்தான்காரர்கள் 2016-ல் வேறு வழிக்கு வந்தார்கள். ஊருக்கு ஊர் சமையல் மாறுகிறது, கட்டுச்சோறே மேல் என்று, தேவையான ஃபார்ட்ரான் நூலகத்தையும் மூட்டைக்குள்ளேயே வைத்து அனுப்பலானார்கள். இடம் அதிகம் பிடிக்கும், சண்டை குறைவு.

டெபியனில் அதற்கு முன்பே, 2013-ல் வந்த பதிப்பில், ஜி-77-ன் காலத்து நூலகங்கள் வழக்கொழிந்துவிட்டபடியால், அந்த இரண்டு எழுத்தையும் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் ஜி, எஃப் என்று பழக்கத்தில் கேட்டு வருகிறவர்களுக்காக அந்தப் பெயரிலும் ஒரு மூட்டை இருந்தது. அதற்குள் நூலகம் ஒன்றும் கிடையாது. புதுப் பெயருக்குப் போகும்படி சொல்லும் சீட்டு மட்டுமே.