கோல்ற் துப்பாக்கியும் அரம் பிடித்த கைகளும்

1851ஆம் ஆண்டு மாதிரிக் கோல்ற் றிவோல்வரொன்று பழுதுபட்டுத் திருத்துவோரிடம் வருமாயின், தொழில் தெரிந்தவர் அதனைக் கழற்றுமுன் அதிற் பொறிக்கப்பட்ட இலக்கங்களைப் பார்ப்பார். குழல், சட்டகம், உருளை, விசைக்காப்பு, பிடியின் பின்பட்டை, குழலைப் பிணிக்கும் ஆப்பு ஆகிய யாவற்றிலும் ஒரே தொடரிலக்கம் காணப்படல் வேண்டும். ஏதேனும் ஒன்றில் இலக்கம் வேறுபடின், அவ்வுறுப்பு பிறிதொரு துப்பாக்கியினின்றும் வந்ததாகும். கோளாற்றை அங்கிருந்தே தேடத் தொடங்கலாம். ஆனால் இயந்திரங்கள் ஒரே அச்சில் வார்த்தாற்போல ஆக்கித் தள்ளியன என்று புகழப்படும் உறுப்புகளுக்கு, இன்னது இன்னதனோடு சேரும் என இலக்கமிடவேண்டிய தேவை ஏன் நேர்ந்தது? நாம் இங்கு ஆராயப் புகுவது இவ்வினாவையே.

முதலில் அதன் பொறியமைப்பை நோக்குவோம். சுத்தியலைப் பின்னே இழுக்கும்போது, அதனோடு இணைந்த சிறு உந்துகோல் மேலெழுந்து உருளையின் பின்புறப் பற்களுள் ஒன்றைத் தள்ளி, ஆறறை கொண்ட அவ்வுருளையை ஓரறை தூரம் திருப்புகிறது. அதற்குச் சற்று முன்னர், உருளையைப் பிடித்திருக்கும் தாழ் கீழிறங்கி வழிவிடுகிறது. திருப்பம் முடியும் கணத்தில் மீண்டும் எழுந்து அடுத்த பள்ளத்திற் பொருந்துகிறது. இவ்விரு அசைவுகளும் ஒத்து நிகழாவிடில் துப்பாக்கி பயன்படாது. உந்துகோல் தேய்ந்து குறுகினால் உருளை பள்ளத்தை எட்டுமுன்னே நின்றுவிடும். அறை குழலுக்கு நேராக அமையாமையால் ஈயக்குண்டு குழல்வாயிற் சிராய்ந்து செல்லும். உந்துகோல் நீண்டதாயின், தாழ் பொருந்திய பின்னும் அது தள்ள முனைந்து பொறியை இறுக்கிவிடும். ஆகவே புதிய உந்துகோலைச் சற்று நீளமாகவே செய்து, பூட்டிப் பார்த்து, கழற்றி அராவி, மறுபடியும் பூட்டிப் பார்த்து, மயிரிழை மயிரிழையாகக் குறைத்தே பொருத்தவேண்டும்.

சில பழுதுகளுக்கு அரம் வேண்டுவதில்லை. கரிமருந்தின் புகைக்கறை படிந்து உருளை இறுகுவதும், வெடித்த செப்புத்தொப்பியின் துணுக்கு சுத்தியலின் வழியில் விழுந்து தடுப்பதும் துடைத்தலாலும் கொழுப்பிடுதலாலும் தீர்வன. ஆப்பை மிகுதியாக உள்ளே அடித்தால் குழல் உருளையை நெருக்கும். அதனைச் சற்றுத் தளர்த்தினாற் போதும். ஆனால் உந்துகோலும் தாழும் கொண்டுவரும் கோளாறு கைவேலைக்கே கட்டுப்படும்.

சாமுவேல் கோல்ற் 1836இல் அமெரிக்காவிற் காப்புரிமை பெற்று, நியூ ஜேர்சியின் பற்றர்சன் நகரில் ஆரம்பித்த தொழிற்சாலை 1842இல் நொடித்துப்போயிற்று. அவரை மீட்டது போர். கொமாஞ்சி மக்களின் நிலத்தைப் பறிக்கும் சண்டையில் இக்கருவியைக் கண்டறிந்த ரெக்சாஸ் காவற்படையினருள் ஒருவரான வோக்கர், மெக்சிக்கோவுக்கு எதிரான போரின்போது அதனைத் திருத்தியமைக்க உதவினார். (கருவியின் திருத்தங்கள் எவருடைய உடல்மீது சோதிக்கப்பட்டன என்பதைத் தொழில்நுட்ப வரலாறுகள் பெரும்பாலும் கூறுவதில்லை.) 1847இல் அரசாங்கத்துக்காக ஆக்கப்பட்ட ஆயிரம் வோக்கர் துப்பாக்கிகள் ஏறத்தாழ நாலரை இறாத்தல் எடையின. அவற்றுட் சிலவற்றின் உருளைகள் வெடித்துப் பிளந்தன. குண்டை அழுத்தும் நெம்பு, சுடும் அதிர்ச்சியில் தானே கீழே விழுந்து உருளையைத் தடுத்தது. அடுத்த மாதிரியில் இக்குறைகள் குறைக்கப்பட்டன. ஹாட்போட் நகரில் கோல்ற் தமது சொந்தத் தொழிற்சாலையை நிறுவினார்.

1851இல் இலண்டன் பொருட்காட்சியில் இத்துப்பாக்கிகள் பெரும் பரபரப்பை ஏற்படுத்தின. அவ்வாண்டு நவம்பரில் ஆங்கிலப் பொறியியலாளரின் சபையிற் கட்டுரை படித்த கோல்ற், இயந்திர உற்பத்தியின் சிறப்பை எடுத்துரைத்தார். 1853இல் தேம்ஸ் நதிக்கரையில் அவரது கிளைத் தொழிற்சாலையும் இயங்கத் தொடங்கிற்று. ஆயினும் 1854இல் சிறு ஆயுதங்கள் பற்றி விசாரித்த பாராளுமன்றத் தெரிவுக்குழுவின் முன், அத்தொழிற்சாலையின் முன்னாள் மேற்பார்வையாளர் ஒருவரே உறுப்புகள் ஒன்றற்கொன்று மாறிப் பொருந்துவதில்லை என்று சாட்சியம் கூறினார். மேடையில் முழங்கிய புகழுரையைவிட இச்சாட்சியமே நமக்குப் பயன்படுவது.

தொழிற்சாலையினுள் நிகழ்ந்தது இதுதான். இயந்திரத்தினின்றும் வந்த உறுப்புகளை, அவை மென்மையாக இருக்கும்போதே தொழிலாளர் அரத்தால் அராவி ஒன்றோடொன்று பொருத்தினர், இலக்கமிட்டனர், பின் பிரித்துச் சூடேற்றி வன்மையாக்கினர். வன்மையாக்கிய பின் அரம் எளிதில் ஏறாது. எனவே ஒரு துப்பாக்கியின் உறுப்புகள் தம் பழைய துணைகளையே மீண்டும் சேரவேண்டும், அதற்கே இலக்கம். துறைதோறும் உள்குத்தகைகாரர் இருந்து, தாமே ஆட்களை அமர்த்திக் கூலி கொடுத்தனர். குழலின்மேற் கோல்ற்றின் பெயரும் நியூயோர்க் முகவரியும் உள. உருளையிற் பொறித்த கடற்போர்ச் சித்திரத்தின் கீழ்ச் செதுக்கியவரின் பெயருங்கூட உண்டு. அராவியவர் பெயர் எங்கும் இல்லை.

இயந்திரத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. 1873 வரை இம்மாதிரியில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகளை அரம் மட்டும் ஆக்கியிருக்க முடியாது. முழுமையாக மாறிப் பொருந்தும் உறுப்புகளை ஆக்குதலும் அக்காலத்து இயலாத காரியமன்று. ஹாப்பர்ஸ் ஃபெரி அரசாங்க ஆயுதசாலையில் ஜோன் ஹோல் 1820களிலேயே அதனைச் சாதித்தார். 1840களில் ஸ்பிறிங்ஃபீல்ட் சாலையும் சாதித்தது. அதற்கு எண்ணற்ற அளவுமானிகளும் பெருஞ்செலவும் வேண்டியிருந்தன. பொதுப்பணம் அச்செலவைத் தாங்கிற்று. இலாபம் நோக்கிய தனியாருக்கு அரம் பிடித்த தொழிலாளியின் கூலி மலிவாயிருந்தது. டேவிட் ஹவுன்ஷெல் 1984இல் வெளியிட்ட நூல் இவ்வேறுபாட்டை விரிவாக ஆராய்கிறது. ஆயினும் பாடநூல்கள் பல இன்னும் கோல்ற்றின் விளம்பரத்தையே வரலாறாக ஒப்புவிக்கின்றன.

1950களின் இறுதியிலிருந்து இத்தாலியில் இத்துப்பாக்கியின் நகல்கள் ஆக்கப்பட்டு வருகின்றன. அவற்றுக்கென விற்கப்படும் உந்துகோல்களும் தாழ்களும் பல இன்றும் சற்று மிகுந்த அளவிலேயே வருகின்றன. வாங்கியவர் அராவித்தான் பொருத்தவேண்டும்.