ஆவணப்பட வகைமைகளும் உழைப்போர் குரலும்: 'சாங் ஆஃப் சிலோன்' படத்தை முன்வைத்து

முன்னுரை

ஆவணப்பட முறைகளை அமெரிக்க ஆய்வாளர் பில் நிக்கல்ஸ் 1991இல் நான்காகவும், 2001இல் ஆறாகவும் வகுத்தார். கவித்துவம், விளக்கம், நோக்கு, பங்கேற்பு, தற்சுட்டு, நிகழ்த்துதல் என்பன அவ்வாறு. படத்தில் காட்டப்படுவோர் தாமே பேசுகின்றனரா, அவர்களுக்காகப் பிறர் பேசுகின்றனரா என்ற வினாவோடு இம்முறைகளைப் பொருத்திப் பார்க்க வேண்டும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களைக் காட்டும் 'சாங் ஆஃப் சிலோன்' (1934) அதற்கு ஏற்ற சான்றாகும்.

தேயிலையும் கவித்துவ முறையும்

ஜான் கிரியர்சன் தயாரிப்பில், இலங்கைத் தேயிலைப் பிரசார வாரியத்தின் ஆதரவுடன் பேசில் ரைட் இயக்கிய இப்படம் நான்கு பகுதிகளைக் கொண்டது. சிவனொளிபாத மலை யாத்திரையில் தொடங்கிக் கிராம வாழ்வு, வணிகம் ஆகியவற்றைக் கடந்து மீண்டும் வழிபாட்டிற்கும் ஆடலுக்கும் அது திரும்புகிறது. கண்டி அரசில் ஏறத்தாழ 19 ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் ராபர்ட் நாக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலே இதன் உரை. அதனைப் படிப்பவர் கொழும்பு ஒளிப்படக் கலைஞர் லயனல் வென்ட். படம்பிடித்த பின்னர் இலண்டனில் ஒலி சேர்க்கப்பட்டது.

மூன்றாம் பகுதியில் யானை மரத்தைச் சாய்க்கிறது; பெண்கள் கொழுந்து பறிக்கின்றனர். ஒலித்தடத்திலோ சந்தை விலைகளும் வணிகக் கடிதங்களும் ஆங்கிலத்தில் அடுக்கடுக்காக ஒலிக்கின்றன. காட்சிக்கும் ஒலிக்கும் இடையிலான இம்மோதலில் குடியேற்ற வணிகத்தின் மீதான விமரிசனத்தையும் காணலாம். 1935இல் பிரசல்ஸ் திரைப்பட விழாவில் இப்படம் முதற்பரிசு பெற்றது. ஆயினும், கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்கள் தம் உழைப்பைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை. அவர்களுடைய விரல்களின் விரைவு பதிவாயிற்று. கூலி, கடன், கங்காணி பற்றி அவர்கள் சொல்லக்கூடியவை பதிவாகவில்லை.

கருவியின் எல்லையும் தெரிவும்

இதற்கு அக்காலக் கருவிகளின் பளு ஒரு காரணம். ஒலிப்பதிவுக் கருவிகளை மலைச்சரிவுகளுக்குக் கொண்டுசெல்வது எளிதன்று. எனினும் அது மட்டுமே காரணம் ஆகாது. 1935இல் எட்கர் ஆன்ஸ்டியும் ஆர்தர் எல்டனும் உருவாக்கிய 'ஹவுசிங் பிராப்ளம்ஸ்' படத்துக்காக அதே பளுவான கருவிகள் இலண்டன் ஸ்டெப்னிப் பகுதியின் சிதைந்த வீடுகளுக்குள் சென்றன. எலித்தொல்லையையும் நெருக்கடியையும் பற்றி அங்கு வாழ்ந்தோரே கேமராவை நோக்கிப் பேசினர். ஆனால் அப்படத்தின் ஆதரவாளர் எரிவாயு நிறுவனங்களின் சங்கம். குடியிருப்போரின் முறையீடு புதிய அடுக்குமாடி வீடுகளுக்கான பரிந்துரையாக முடிந்தது. பேசும் வாய்ப்புக் கிடைத்தவர்களுக்குப் படத்தின் முடிவைத் தீர்மானிக்கும் உரிமை கிடைக்கவில்லை.

அவ்வுரிமையின் ஒரு பகுதியேனும் பகிரப்படுவதை 1960இல் பாரிசில் ஜான் ரூஷும் எட்கர் மோரனும் படம்பிடித்த 'ஒரு கோடையின் வரலாறு' என்னும் பொருள்படும் பிரெஞ்சுப் படத்தில் காணலாம். எடை குறைந்த கேமராவும் எடுத்துச் செல்லத்தக்க ஒலிப்பதிவுக் கருவியும் அதற்குத் துணைநின்றன. எடுத்த காட்சிகளைப் பங்கேற்றோருக்கே திரையிட்டு, அவர்களுடைய மறுப்புகளையும் படத்தின் பகுதியாக்கினர். பங்கேற்பு முறையும் தற்சுட்டு முறையும் இங்கு இணைகின்றன.

முடிவுரை

இவற்றைப் படிப்படியான வளர்ச்சி எனக் கொள்ளுதல் பொருந்தாது. கவித்துவ முறை தாழ்ந்ததும் அன்று; ரைட்டின் படம் இன்றும் அழகு குன்றாதது. எனினும் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் நாடற்றோராயினர். அம்மக்களின் வரலாற்றை எழுதுவோர்க்கு 1934இன் காட்சிகள் அரிய சான்று. ஆனால் முழுச் சான்றல்ல. சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்கள் போன்ற வாய்மொழிச் சான்றுகளை அவற்றோடு சேர்த்து ஆராய வேண்டும். திரையில் பேசாது நிற்கும் பெண்களின் தலைமுறைகள் தம் வாழ்வைத் தம் மொழியில் சொன்ன முறையை அறிய அப்பாடல்களே வழிகாட்டும்.