கள்ளும் குளிரும்

இல்லத்திலேயே கள் சமைத்துச் சாடியில் வைத்துப் பருகும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில், கடியலூர் உருத்திரங்கண்ணனார் வலைஞர் குடியிருப்பில் கள் சமைக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்லுகிறார். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாய் அகன்ற பிழாவில் கொட்டி ஆற்றுவர். ஆறியபின் முளையை இடித்து அதனோடு கலப்பர். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, வலிய வாயையுடைய சாடியில் பச்சை நாற்றம் நீங்கும்வரை முதிரவிடுவர். பின்னரே விரலால் அலைத்துப் பிழிந்து வடிப்பர். இவ்வாறு இல்லத்தில் சமைத்த நெற்கள்ளுக்கு அந்நூலே வேறோரிடத்தில் வழங்கும் பெயர் தோப்பி என்பது. மேனாட்டார் பீர் சமைக்கும் முறையும் அடிப்படையில் இதுவேயாகும். அவர்கள் வாற்கோதுமையின் முளையைக் கொண்டார்கள், தமிழர் நெல்லைக் கொண்டனர், வேறுபாடு அவ்வளவே.

இப்பகுதியில் உரையாசிரியர்கள் விரைந்து கடந்து செல்லும் சொல் ஒன்று உண்டு. களியை முதலில் ஆற்ற வேண்டும் என்பதே அது. சுடுகளியில் முளையைக் கலந்தால் நொதிக்கச் செய்யும் நுண்ணுயிர் மடிந்துபோகும். கள் சமைத்தலில் குளிரின் முதல் வேலை இது. இரண்டாவது வேலை, விளைந்த கள்ளைக் கெடாமல் காப்பது. இதனையும் பழந்தமிழர் அறியாதவரல்லர். பறம்பு நாட்டைப் பாடும் புறநானூற்று 120ஆம் பாட்டில் நிலத்துள் புதைத்து முதிர்ந்த தேறல் வருகிறது. திருமுருகாற்றுப்படையில் குறவர் தேறலை நெடிய மூங்கிற் குழாயில் விளைவிக்கின்றனர். மண்ணுக்கடியில் வெயிலின் ஏற்றத்தாழ்வு எட்டாது என்பதைக் கருவியின்றியே கண்டவர்கள் அவர்கள். ஆயினும் புதைகுழி வெப்பத்தை நிலையாக வைக்குமேயன்றிக் குறைத்துவிடாது. வெப்பநாட்டில் கள் ஏன் அன்றைக்கன்றே குடிக்கப்படும் பொருளாக நின்றுவிட்டது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. அவ்விடையின் விளைவு மலாயாத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வாழ்வைப் பெரிதும் தாக்கிற்று.

பேராக் மாநிலத்தில் ஈப்போ நகருக்குத் தெற்கே சிம்பாங் பூலாய் உள்ளது. சிம்பாங் என்னும் மலாய்ச் சொல்லுக்குச் சாலை பிரியுமிடம் என்பது பொருள். பூலாய் என்பது ஏழிலைப் பாலை இனத்து மரம். கிந்தாப் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகள் இங்கே செங்குத்தாக எழுந்து நிற்கும். ஒருபுறம் ஈயம் தோண்டிய குளங்களும் மறுபுறம் ரப்பர்த் தோட்டங்களுமாக இருந்த நிலப்பகுதி இது. தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவர்களுள் பெரும்பாலோர் தமிழர். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால் வெட்டி, நண்பகலுக்குள் பாலை நிறுத்துக் கொடுத்தபின், பிற்பகலில் அவர்களுக்குத் திறந்திருந்த கடை கள்ளுக்கடை ஒன்றே.

மலாயாவில் இறக்கிய கள் பெரும்பாலும் தென்னங்கள். பாளையைத் தட்டிப் பதப்படுத்தி, நுனி சீவிக் கலயம் கட்டினால் வடிவது இனிய சாறு. அதில் நூற்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து பங்கு வரை சர்க்கரை இருக்கும். காற்றிலும் கலயத்திலும் ஒட்டியிருக்கும் ஈஸ்ட், சாறு சொட்டத் தொடங்கிய நொடியிலேயே அதனை நொதிக்கச் செய்யும். கிந்தாவின் பகல் வெப்பம் 33 பாகையை எட்டும். இரவிலும் 23, 24 பாகைக்குக் கீழே அரிதாகவே இறங்கும். ஈஸ்டுக்கு இதைவிட ஏற்ற சூழல் வேண்டியதில்லை. சில மணி நேரத்தில் சாறு கள்ளாகும், மறுநாள் கடுப்பேறும், பின்னர்ப் புளிக்காடிதான். தமிழகத்துக் கோடையில் மண்பானை நீரைக் குளிர்விக்கிறதே, அது இங்கு உதவாதா எனலாம். உதவாது. பானையின் புறத்தே கசியும் நீர் ஆவியானால்தான் உள்ளே குளிரும். கிந்தாவின் ஈரக்காற்றில் அந்நீர் எளிதில் ஆவியாவதில்லை.

நொதித்தலைத் தடுக்கத் தமிழர் கையில் இருந்த ஒரே மருந்து சுண்ணாம்பு. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் ஈஸ்ட் வேலை செய்யாது, கிடைப்பது பதநீர். சுண்ணாம்பு மலையின் அடிவாரத்தில் வாழ்ந்தவர்க்கு அதற்கு என்ன குறை? ஆனால் சுண்ணாம்பு கள்ளைக் காப்பதன்று, கள்ளாகாமல் தடுப்பது. கள்ளைக் கள்ளாகவே நிறுத்தி வைக்கும் ஆற்றல் குளிருக்கு உண்டு.

அந்தக் குளிரை முதலில் கைக்கொண்டது செருமானியரின் பீர்த் தொழில். அவர்களின் ஒருவகை ஈஸ்ட் எட்டு முதல் பன்னிரண்டு பாகை வரையிலான குளிரில் மெல்ல வேலை செய்து கலத்தின் அடியில் படியும். அப்பீரை உறைநிலைக்கு அண்மையில் பல வாரம் கிடத்தி வைப்பர். 'லாகர்' என்னும் பெயரே சேமக்கிடங்கு என்னும் பொருளுடையது. பனிக்காலத்தில் ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை நிலவறைகளில் நிரப்பி இதனைச் செய்துவந்தனர். கோடை வந்தால் தொழில் முடங்கும். இத்தடையை நீக்கவே குளிரூட்டும் பொறி பிறந்தது என்று சொன்னால் மிகையாகாது. ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகரில் இதழாசிரியராயிருந்த ஜேம்ஸ் ஹாரிசன் 1850களில் பனிக்கட்டி செய்யும் பொறியை அமைத்தார். அதனை நாடியவர்களுள் பீர் ஆலையினரும் இருந்தனர். மியூனிக் நகரத்து ஸ்பாட்டன் ஆலையில் 1870களில் கார்ல் லிண்டே தம் பொறியை நிறுவினார். பின்னர் அவர் அம்மோனியாவைக் குளிரூட்டியாக ஆண்டார். 1883இல் கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் ஹான்சன் ஈஸ்டைக் கலப்பின்றித் தனித்து வளர்த்துக் காட்டினார். இவ்விரண்டும் சேர்ந்தபின் பீர் பருவத்துக்கும் ஊருக்கும் கட்டுப்படாத வாணிகப் பொருளாயிற்று.

கீழை நாடுகளுக்குக் குளிர் கப்பலேறி வந்தது. அமெரிக்க வணிகர் பிரெடரிக் டியூடர் 1833இல் கல்கத்தாவுக்குப் பனிக்கட்டி அனுப்பினார். சென்னைக் கடற்கரையில் 1842இல் எழுந்த அவருடைய ஐஸ் ஹவுஸ், இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. சிங்கப்பூரில் 1854இல் ஓர் ஐஸ் கிடங்கு அமைந்தது. 1903இல் அங்கே கோல்டு ஸ்டோரேஜ் நிறுவனம் தோன்றியது. 1931இல் மலாயன் புரூவரிஸ் நிறுவப்பட்டு, மறு ஆண்டு டைகர் பீர் வெளிவந்தது. பேராக் ஆற்றில் செண்டெரோ அணை 1930இல் மின்சாரம் தரத் தொடங்கிற்று. அம்மின்சாரம் முதலில் சென்றது ஈயச் சுரங்கங்களுக்கு. தோட்டத்து லயங்களில் அதன் பின்னரும் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது.

ஆக, ஒரே நிலத்தில் இரு குடிகள் இருந்தன. வலிமையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. நூற்றுக்கு நான்கு முதல் ஆறு பங்கு சாராயச் சத்து. துரை பங்களாவின் பீரைப் புட்டியில் அடைத்து வாரக்கணக்கில் வைத்திருக்கலாம். விரும்பிய நாளில் விரும்பிய அளவு அருந்தலாம். லயத்துக் கள்ளுக்கு அந்த உரிமை இல்லை. அன்று இறக்கியது அன்றே விற்றாக வேண்டும், விற்றது அங்கேயே குடித்துத் தீர வேண்டும். ஆகவே கடை மரத்துக்கு அருகிலும் லயத்துக்கு அருகிலும் அமைந்தது. கூலி கையில் வந்த நாளில் வீடு சேருமுன்னரே அதன் ஒரு பகுதி அங்கே நின்றுவிட்டது. அந்நாளில் வீட்டில் உலை ஏறாமல் காத்திருந்த பெண்களின் கதை தோட்டந்தோறும் உண்டு. உரிமம் பெற்ற தோட்டக் கடைகளின் ஆதாயத்தைத் தொழிலாளர் நலனுக்கே செலவிடுகிறோம் என்று நிருவாகத்தினர் சொல்லி வந்தனர். குடித்தவன் காசிலேயே குடித்தவனுக்கு நலன் செய்யும் இந்த அறத்தை என்னவென்பது! கப்பில் வடியும் ரப்பர்ப்பாலும் கள்ளைப்போலவே விரைந்து கெடும் பொருள்தான். அதற்கு அம்மோனியா ஊற்றிக் காக்கத் தோட்டங்கள் அறிந்திருந்தன. விற்பனைக்குரிய பொருள் எது என்பதைப் பொறுத்ததே காப்பு.

தாயகத்தில் சேலம் மாவட்டத்தில் 1937 அக்டோபர் முதல் நாள் இராஜாஜியின் அமைச்சரவை மதுவிலக்கைத் தொடங்கியது. அச்செய்தி மலாயாவிலும் ஊக்கம் தந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் ஆர். எச். நாதன் முன்னின்ற வேலை நிறுத்தத்தில் தொழிலாளர் வைத்த கோரிக்கைகள் பல. கூலி உயர்வும், துரையைக் கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்கும் கட்டாயத்தை ஒழித்தலும் அவற்றுள் அடங்கும். அவற்றோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் ஒன்றாக நின்றது. போருக்குப்பின் கெடாவில் எழுந்த தொண்டர் படை கடைகளின் முன் மறியல் செய்தது. 1947இல் பீடோங்கில் காவலரோடு நேர்ந்த மோதலில் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். கள்ளை மூடினால் சம்சு பெருகும் என்பது நிருவாகத்தினர் விடாது சொல்லிவந்த மறுமொழி.

அது தந்நலத்தால் எழுந்த வாதமே. ஆயினும் பின்னாளில் சம்சு பெருகத்தான் செய்தது. அதன் காரணத்தை மன உறுதிக் குறைவில் தேடுவார் பலர். பொருளின் இயல்பிலும் தேடலாம். காய்ச்சி வடித்த சம்சுவின் சாராயச் சத்து கள்ளினும் பல மடங்கு. அதில் நுண்ணுயிர் வாழாது, குளிர் வேண்டாம், சட்டைப்பையில் அடங்கும் சிறு புட்டியில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். பீர் குளிரால் நிலைத்தது, சம்சு கடுமையால் நிலைத்தது. இரண்டும் அற்ற கள் ஒதுங்கிற்று. தோட்டங்கள் செம்பனைக்கும் குடியிருப்புக்கும் மாறி, தொழிலாளர் நகர்ப்புறம் பெயர்ந்தபோது சம்சுவும் உடன் பெயர்ந்தது. குடும்பங்களுக்கு அது இழைத்த கேடு கள்ளினும் கொடிது.

குளிர் எளியவர் வீட்டுக்கும் வந்தது பின்னரே. இன்று பல நாடுகளில், வீட்டில் பீர் சமைப்பவர்கள் சாடிக்குப் பதிலாகப் பத்தொன்பது லிட்டர் கொள்ளும் உருக்குக் கலத்தையும், புதைகுழிக்குப் பதிலாக மீன் இறைச்சி வைக்கும் உறைபெட்டியையும் ஆள்கின்றனர். அக்கலம் முதலில் குளிர்பானக் கடைகளில் பாகு ஊற்றி வைக்கச் செய்யப்பட்டது. உறைபெட்டி இயல்பாகச் சுழியத்துக்குக் கீழே 18 பாகை வரை குளிரும், பீர் உறைந்துவிடும். ஆதலால் வெளியே ஒரு வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பொருத்தி, நான்கு பாகை அளவில் மின்சாரம் தானே நிற்கும்படி செய்வர். பெட்டியின் பக்கச் சுவருக்குள் குளிரூட்டி ஓடும் குழாய்கள் இருத்தலால் அதில் துளையிடல் ஆகாது. பெட்டிக்கும் மூடிக்கும் நடுவே மரச்சட்டம் ஒன்றை ஏற்றி, அதில்தான் குழாய்வாயைப் பொருத்துவர். மேற்புறம் திறக்கும் பெட்டியாதலின், கனத்த குளிர்காற்று மூடியைத் திறந்தாலும் வழிந்தோடிவிடாது. நான்கு பாகையில் பீர் தன்னுள் அடக்கும் கரியமில வாயு, அறை வெப்பத்தில் அடக்குவதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. குளிர் குறைந்தால் குவளை முழுதும் நுரையே நிற்கும். கிந்தா போன்ற ஈர நிலத்தில் பெட்டிக்குள் நீர் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். அடிக்கடி துடைக்க வேண்டும்.

இங்கிலாந்தில் 1963 முதல் வீட்டுத் தேவைக்குப் பீர் சமைக்க உரிமம் வேண்டுவதில்லை. அமெரிக்காவில் கூட்டரசின் தடை நீங்கியது 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால். மலேசியாவில் 1976ஆம் ஆண்டு கலால் சட்டத்தின்கீழ் உரிமமின்றி மது சமைப்பது குற்றம்.

சிம்பாங் பூலாயில் பிரியும் சாலை ஒன்று கேமரன் மலைக்கு ஏறுகிறது. மேலே காற்று 18, 20 பாகையில் நிற்கும். கலயத்துச் சாறு அங்கே சற்று மெதுவாகவே பொங்கும். கீழே, இன்று கள் வாங்குவோர் அதனைப் புட்டியில் ஊற்றிக் குளிர்ப்பெட்டியில் வைப்பதுண்டு. அங்கும் ஈஸ்ட் முற்றிலும் உறங்குவதில்லை. ஓரிரு நாளில் புளிப்பு தலைகாட்டும். மூடியை இறுக முறுக்கிவிட்டால் வாயு நிரம்பிப் புட்டி வெடிக்கும். ஆகவே மூடியைச் சற்றே தளர்த்தி வைக்கின்றனர்.