பெல்பாஸ்ற் எழுத்துப் பட்டறையும் நகர விழாவும், 1963–1972

இன்று உலகின் பெருநகரங்கள் பலவற்றில் ஆண்டுதோறும் நடைபெறும் இலக்கிய விழாக்களில் உரையரங்கு, நூல் வெளியீடு, கவிதை வாசிப்பு என்பவற்றோடு ஆக்க இலக்கியப் பட்டறையும் ஒரு நிகழ்ச்சியாக இடம்பெறுவது வழக்கமாகிவிட்டது. கட்டணஞ் செலுத்தி வருவோர் புகழ்பெற்ற எழுத்தாளர் ஒருவரைச் சூழ்ந்தமர்ந்து அரைநாளோ ஒரு நாளோ பயிற்சி பெற்றுச் செல்வர். இத்தகைய பட்டறைகளினாற் பயனுண்டா, கவிதை கற்பிக்கத்தக்கதொரு தொழிலா என்ற வினாக்கள் அடிக்கடி எழுப்பப்படுகின்றன. விடை கூறுவோரிற் பலர் தத்தம் விருப்பு வெறுப்பையே விடையாகக் கூறிவிடுகின்றனர். ஒரு பட்டறை எங்ஙனம் தோன்றியது, அங்கே என்ன செய்யப்பட்டது, விழாவொன்று அதனோடு எவ்வாறு தொடர்புற்றது என்பவற்றை வரலாற்று முறையில் நோக்குவோர் சிலரே. அவ்வாறு நோக்குதற்கு வாய்ப்பான ஓர் எடுத்துக்காட்டு, வட அயர்லாந்தின் தலைநகரான பெல்பாஸ்ற்றில் 1963ஆம் ஆண்டு தொடங்கி 1972ஆம் ஆண்டுவரை இயங்கிய எழுத்தாளர் வட்டமாகும். அதனை அங்குள்ளோர் வெறுமனே 'குழு' என்றே வழங்கினர்.

பட்டறை என்னும் சொல் இலக்கியத்துக்கு வந்தது நாடகத்தின் வழியாகவே. ஐக்கிய அமெரிக்காவின் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் பியர்ஸ் பேக்கர் என்ற ஆசிரியர் இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் நாடகமெழுதுதல் பற்றிய வகுப்பொன்றை நடத்தினார். வகுப்பின் எண் நாற்பத்தேழு. எழுதிய நாடகத்தை மேடையேற்றிப் பார்க்கும் பொருட்டு அவ்வெண்ணையே பெயரிற் கொண்டு அவர் அமைத்ததே '47 பட்டறை'. யூஜின் ஓ நீல் அவரிடம் பயின்றவர். பின்னர் 1936இல் அயோவாப் பல்கலைக்கழகத்தில் எழுத்தாளர் பட்டறை நிறுவப்பட்டு, பட்டம் வழங்கும் நிறுவனமாக வளர்ந்தது. பெல்பாஸ்ற் வட்டம் இம்மரபைச் சேர்ந்ததன்று. அது பட்டம் எதனையும் வழங்கவில்லை; பாடத்திட்டமும் அதற்கு இருக்கவில்லை. அதன் வேர் கேம்பிரிட்ஜிலே உள்ளது.

பிலிப் ஹொப்ஸ்போம் 1932இல் இலண்டனில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் எப். ஆர். லீவிஸிடம் பயின்றவர். அங்கு மாணவராயிருந்த காலத்திலேயே, 1952 அளவில், கவிதைகளைக் கூடிப் பரிசீலிக்கும் வட்டமொன்றை ஆரம்பித்தார். 1955இல் அது இலண்டனுக்கு மாறியது. பீற்றர் ரெட்குரோவ், மார்ட்டின் பெல், பீற்றர் போட்டர் முதலியோர் அதிற் பங்குகொண்டனர். ஹொப்ஸ்போம் ஷெபீல்டுக்கு ஆராய்ச்சி செய்யச் சென்றபோது எட்வேர்ட் லூசி-ஸ்மித் அவ்விலண்டன் வட்டத்தின் பொறுப்பை ஏற்றார். இப்பெயரை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். பெல்பாஸ்ற் கதையில் இவருக்கு ஒரு பங்குண்டு.

லீவிஸிய விமர்சன முறையின் உயிர்நாடி பனுவலைச் சொற்சொல்லாக வாசித்தலே. ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் தம் மாணவருக்குக் கவிஞரின் பெயரை மறைத்துக் கவிதைகளைக் கொடுத்து அபிப்பிராயம் எழுதச் செய்தமை இலக்கிய மாணவர் அனைவரும் அறிந்ததே. ஹொப்ஸ்போம் செய்தது இம்முறையை ஒரு படி திருப்பியமையாகும். பனுவல் முன்னால் இருக்கும். அதனை இயற்றியவரும் அதே அறையிற் கதிரையில் அமர்ந்திருப்பார். இறந்துபோன கவிஞரின் செய்யுளைக் கூறுபோடுவது எளிது. முன்னால் இருப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவருடைய மூன்றாவது அடி நொண்டுகிறது என்று கூறுவதற்கு வேறொரு துணிவு வேண்டும். அதைக் கேட்டுக்கொண்டிருப்பதற்கு அதனினும் கூடிய துணிவு வேண்டும்.

1962இல் ஹொப்ஸ்போம் பெல்பாஸ்ற்றின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகச் சேர்ந்தார். மறு ஆண்டின் இலையுதிர்காலத்தில், பல்கலைக்கழகத்துக்கு அணித்தாகப் பிற்ஸ்வில்லியம் வீதியிலிருந்த தமது வீட்டிலே வட்டத்தைக் கூட்டினார். நடைமுறை எளிமையானது. அந்த வாரத்துக்குரிய எழுத்தாளரின் ஆக்கங்கள் தட்டெழுதப்பட்டு, றோணியோப் பிரதிகளாக உறுப்பினருக்கு முன்கூட்டியே அனுப்பப்படும். கூட்டத்தன்று எழுத்தாளர் ஒவ்வொன்றாக வாசிப்பார். ஒவ்வொன்றின் பின்னும் விவாதம் நடைபெறும். இடையிற் கோப்பி. அதன் பின்னர் எவரும் தமக்கு விருப்பமான எதனையும், தமதாயினும் பிறரதாயினும், வாசிக்கலாம். சிறுகதைகளும் நாடகப் பகுதிகளும் கூட வாசிக்கப்பட்டன. பின்னாளில் நாடகாசிரியராக அறியப்பட்ட ஸ்ருவேர்ட் பாக்கரும் புனைகதையாசிரியர் பேர்னார்ட் மக்லவேற்றியும் இவ்வட்டத்தின் வழி வந்தவர்களே. கவிஞர்களின் புகழ் ஓங்கியமையால் இது ஏதோ கவிஞர்க்கு மட்டும் உரித்தான இடம்போலப் பின்னையோர் எழுதிவிட்டனர்.

இவ்வறையிற் கூடியோர் யாவர் என்பது, அந்நகரின் சமூக அமைப்பை அறிந்தவர்க்கு, கவிதைகளினும் முக்கியமானதாகத் தோன்றலாம். 1921இல் உருவாக்கப்பட்ட வட அயர்லாந்தில் அன்று மக்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் கத்தோலிக்கர். ஏனையோரிற் பெரும்பான்மையினர் புரட்டஸ்தாந்தர். இரு சாராருக்கும் பாடசாலைகள் வேறு, வசிக்கும் வீதிகள் வேறு, விளையாட்டுக்களும் வேறு. உத்தியோகத்திலும் வீட்டு வசதியிலும் கத்தோலிக்கர் பாரபட்சமாக நடத்தப்பட்டனர். இந்நிலையில் 1947ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் ஒரு வாயிலைத் திறந்தது. வறிய குடும்பத்துப் பிள்ளைகளும் இலவசமாக இடைநிலைக் கல்வி பெற்றுப் பல்கலைக்கழகம் புகும் வாய்ப்புப் பெற்றனர். டெரி மாவட்டத்துக் கமக்காரர் ஒருவரின் ஒன்பது பிள்ளைகளில் மூத்தவரான சேமஸ் ஹீனி குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1961இல் முதல் வகுப்பிற் சித்தியெய்தியது இச்சட்டத்தின் விளைவே. சட்டம் இயற்றியவர்கள் கவிஞரை எதிர்பார்த்திருக்கமாட்டார்கள்.

ஹீனி அப்பொழுது ஆசிரியர். மாணவராயிருந்தபோது பல்கலைக்கழக இதழில் 'ஐயமுற்றவன்' எனப் பொருள்படும் இலத்தீன் புனைபெயரில் எழுதியவர். 1964இல் வட்டத்தில் இணைந்த மைக்கல் லோங்லி இவருக்கு எல்லா வகையிலும் மாறானவர்: பெல்பாஸ்ற்றில் வாழ்ந்த ஆங்கிலேயப் பெற்றோரின் மகன், புரட்டஸ்தாந்தர், டப்ளினிற் பண்டைய கிரேக்க இலத்தீன் இலக்கியம் கற்றவர். இருவரும் பிறந்த ஆண்டு ஒன்றே, 1939. அன்றைய பெல்பாஸ்ற்றில் இவ்விருவரும் வாரந்தோறும் ஒரே அறையில் அமர்ந்து ஒருவர் மற்றவரின் சொற்களைப் பற்றி வாதிடும் இடம் வேறெதுவும் எளிதிற் கிடைத்திராது. வட்டத்தைக் கூட்டியவர் இரு சாராரையும் சேராத ஓர் அந்நியர் என்பதும் கருதத்தக்கது. அவருக்கு எந்த வீதியும் தடைசெய்யப்பட்ட வீதியன்று.

எனினும் இவ்வொற்றுமையை மிகைப்படுத்தல் ஆகாது. அறையில் இருந்தோர் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தோர், அல்லது அதன் வழி வந்த ஆசிரியர்கள். கப்பல் கட்டும் தளத்தின் தொழிலாளியோ நூல் ஆலையின் பெண்ணோ அங்கு வந்து கவிதை வாசித்தாரல்லர். பெண்களிற் கவிஞராக வெளித்தெரிந்தவர் ஜோன் நியூமன் ஒருவரே எனலாம். எட்னா லோங்லி விமர்சகராகப் பெயர் பெற்றார்.

விழாவின் பங்கு இனி நோக்கற்பாலது. குயின்ஸ் பல்கலைக்கழகத்தைக் களமாகக் கொண்டு அறுபதுகளின் முற்பகுதியிற் சிறிய அளவில் ஆரம்பித்த பெல்பாஸ்ற் விழா, மைக்கல் எமர்சன் என்பவரின் முயற்சியால் நகர விழாவாக விரிந்தது. 1965ஆம் ஆண்டு அவ்விழாவின் சார்பிற் கவிதைச் சிறுபிரசுரங்கள் வரிசையாக வெளியிடப்பட்டன. ஹீனியின் பிரசுரத்தின் பெயர் 'பதினொரு கவிதைகள்'. லோங்லியினது 'பத்துக் கவிதைகள்'. டெரெக் மஹோனது 'பன்னிரண்டு கவிதைகள்'. தலைப்பிடுவதிற்கூட ஆடம்பரமில்லாத, சில தாள்களே கொண்ட, மலிவான வெளியீடுகள். இன்று அவற்றின் ஒரு பிரதியைப் பெறப் பழம்புத்தக வணிகரிடம் பெருந்தொகை கொடுக்க வேண்டும். இலண்டன் 'ஒப்சேவர்' பத்திரிகைக்காக விழாவைக் காண வந்த மேரி ஹோலண்ட் இவ்விளங்கவிஞர்களைப் பற்றி எழுதியதைத் தொடர்ந்து, பெல்பாஸ்ற்றிற் கவிதை மறுமலர்ச்சி ஒன்று நிகழ்கிறது என்ற பேச்சு அயர்லாந்துக்கு வெளியிலும் பரவியது.

இவ்விடத்தில் ஒரு தவறான கருத்தைத் திருத்துதல் அவசியம். விழாவே ஹீனியைக் கண்டெடுத்தது என்று எழுதுவோர் உளர். கால வரிசை அதற்கு இடந்தரவில்லை. ஹொப்ஸ்போம் வட்டத்தில் வாசிக்கப்பட்ட ஹீனியின் கவிதைகளை இலண்டனிலிருந்த லூசி-ஸ்மித்துக்கு அனுப்பினார். அவர் அவற்றைப் பத்திராதிபர்களிடம் சேர்ப்பித்தார். 1964 டிசம்பரில் 'நியூ ஸ்ரேற்ஸ்மன்' வார இதழ் ஹீனியின் மூன்று கவிதைகளை வெளியிட்டது. அவற்றைக் கண்ட பேபர் பதிப்பகத்தைச் சேர்ந்த சார்ள்ஸ் மொன்ரீத் 1965 ஜனவரியிலேயே கையெழுத்துப் பிரதி கேட்டுக் கடிதம் எழுதிவிட்டார். விழாப் பிரசுரமோ அவ்வாண்டின் இறுதிப் பகுதியிலேயே வெளிவந்தது. ஆகவே கதவைத் திறந்தது வட்டமும் அதன் தபாற் தொடர்புமே. விழா செய்தது வேறொன்று: இலண்டன் ஏற்றுக்கொண்ட பின்னரும் அக்கவிஞரைத் தன் சொந்த நகரத்தின் முன்னிலையில் நிறுத்தியமை. ஏனைய கவிஞர்க்கோ அச்சிறுபிரசுரமே வாசகருக்கான முதற் படியாக அமைந்தது. ஹீனியின் முதற் பெருந்தொகுதியாகிய 'ஓர் இயற்கையியலாளனின் மரணம்' 1966இல் வெளியாயிற்று. அதில் ஒரு கவிதை ஹொப்ஸ்போமுக்கும் மற்றொன்று லோங்லிக்கும் உரித்தாக்கப்பட்டுள்ளன.

இனி, பட்டறை இவர்களைக் கவிஞராக்கியதா? மஹோனின் வழக்கு சுவையானது. விழாப் பிரசுர வரிசையில் அவர் பெயர் இருந்தமையாற் பத்திரிகைகள் அவரையும் குழுவினர் என்றே கொண்டன. அவரோ தாம் அதன் உறுப்பினர் அல்லர் எனக் கடுமையாக மறுத்து வந்தார். லோங்லி ஒழுங்காகச் சென்றவர். ஆயினும் விவாதங்களின் பயனாகத் தம் கவிதைகளைத் தாம் திருத்திக்கொண்டதில்லை என்றே பின்னர் கூறினார். உறுதியான விவரணத்தையும் மண்ணின் வாடையையும் விரும்பிய ஹொப்ஸ்போமுக்கு லோங்லியின் செம்மையான யாப்பு அத்துணை உவப்பாயிருக்கவில்லை. ஹீனியின் எழுத்தே அவருடைய இரசனைக்கு ஏற்றதாயிருந்தது. வழிநடத்துனரின் இரசனை பட்டறையின் அளவுகோலாக மாறிவிடும் ஆபத்து அன்றே இருந்தது என்பதற்கு இது சான்று. ஹீனி மட்டுமே நன்றியோடு நினைவுகூர்ந்தார். அவர் நினைவுகூர்ந்ததும் கற்ற உத்திகளை அன்று. எழுதுதல் என்பது பொறுப்பான செயலே என்ற அங்கீகாரம் அந்த அறையிற் கிடைத்தது என்பதையே.

அறைக்கு வெளியே நிகழ்ந்த ஒன்றும் இத்தொடர்பிற் குறிப்பிடத்தக்கது. வட்டம் ஆரம்பிப்பதற்குச் சற்று முன்னர், 1963 செப்ரெம்பரில், பெல்பாஸ்ற்றிற் பிறந்த மூத்த கவிஞர் லூயிஸ் மக்னீஸ் காலமானார். சிலகாலத்தின் பின் ஹீனி, லோங்லி, மஹோன் மூவரும் கரோடோர் தேவாலய முற்றத்திலுள்ள அவரது சமாதியைச் சென்று பார்த்தனர். ஒவ்வொருவரும் இரங்கற்பா இயற்ற எண்ணினர். அடுத்து மூவரும் சந்தித்தபோது மஹோன் தமது கவிதையை வாசித்தார். ஹீனி தமதை வாசிக்கத் தொடங்கிப் பின் கசக்கி ஒதுக்கிவிட்டார். லோங்லி எழுதும் எண்ணத்தையே கைவிட்டார். இதனைக் கூறியவரும் லோங்லியே. தலைவரும் இல்லை, றோணியோத் தாளும் இல்லை. ஒரு கவிதை நன்கு அமைந்துவிட்டது என்பதை மற்ற இருவரும் ஒப்புக்கொண்ட முறை அது. பட்டறை கற்பிக்க முயன்றது இதனைத்தான் என்றால், உறுப்பினரல்லாத மஹோனுக்கு அது தேவைப்படவில்லை என்றும் வாதிக்கலாம்.

1966இல் ஹொப்ஸ்போம் கிளாஸ்கோ சென்றார். அங்கும் ஒரு வட்டத்தைக் கூட்டினார். அலஸ்டயர் கிரே, ஜேம்ஸ் கெல்மன், லிஸ் லொக்ஹெட் ஆகியோர் அதில் இடம்பெற்றனர். ஒரே மனிதர் கேம்பிரிட்ஜ், இலண்டன், பெல்பாஸ்ற், கிளாஸ்கோ என நான்கு நகரங்களில் இதனைச் செய்தார் என்பதை நோக்கும்போது, தற்செயல் என்று ஒதுக்கிவிட இயலாது. பெல்பாஸ்ற்றில் ஹீனி பொறுப்பேற்றார். போல் மல்டூன், கியரன் கார்சன், பிராங்க் ஓம்ஸ்பி ஆகிய அடுத்த தலைமுறையினர் அவர் காலத்திலும் அதன் பின்னரும் வந்தனர். 1968 மே மாதத்தில் ஜேம்ஸ் சிம்மன்ஸ் 'ஒனஸ்ற் அல்ஸ்ரமன்' என்ற சஞ்சிகையை ஆரம்பித்தார். அதே மாதம் ஹீனியும் லோங்லியும் பாடகர் டேவிட் ஹமண்டும் மாகாணமெங்கும் சென்று கவிதையும் பாட்டும் வழங்கினர். அவ்வாண்டு ஒக்ரோபர் 5ஆம் திகதி டெரி நகரிற் குடியுரிமை ஊர்வலம் பொலிசாராற் தாக்கப்பட்டது. 1969 ஓகஸ்ற்றில் பிரித்தானியப் படைகள் வீதிக்கு வந்தன. 1972 ஜனவரி 30ஆம் திகதி டெரியிற் படையினரின் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் அன்றே உயிரிழந்தனர்; காயமுற்ற ஒருவர் பின்னர் இறந்தார். இரவிற் கூடிக் கலைதல் அபாயமாகியது. அவ்வாண்டே வட்டம் ஓய்ந்தது. கோடையில் ஹீனி குடும்பத்துடன் தெற்கே விக்லோ மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்தார். லோங்லி பெல்பாஸ்ற்றிலேயே தங்கினார். 1973இல் அவர் வெளியிட்ட தொகுதியில் சிம்மன்ஸ், மஹோன், ஹீனி ஆகியோருக்கு எழுதிய செய்யுட் கடிதங்கள் காணப்படுகின்றன. ஓர் அறையில் நேரிற் பேசியவர்கள் கடிதமெழுதும் நிலைக்கு வந்துவிட்டமையை அவை காட்டுகின்றன.

குண்டுவெடிப்புக்களின் நடுவிலும் விழா தொடர்ந்தது. 2015இல் பல்கலைக்கழகம் தன் நிதியுதவியை நிறுத்திக்கொண்ட பின்னர் அது குயின்ஸின் பெயரை நீங்கிச் சர்வதேசக் கலைவிழாவாக நடைபெறலாயிற்று. அதற்கு முன்னரே, 2004இல், ஹீனியின் பெயரால் அப்பல்கலைக்கழகத்திற் கவிதை நிலையமொன்று திறக்கப்பட்டுவிட்டது. கார்சன் அதன் முதல் இயக்குநர். வீட்டு அறையிற் கோப்பியோடு நடந்தது இப்பொழுது பட்டப்படிப்பாகிவிட்டது. அன்றைய றோணியோத் தாள்களில் ஒரு பகுதி குயின்ஸ் நூலகத்திலும் மற்றொரு பகுதி அமெரிக்காவின் அற்லான்ரா நகரிலுள்ள எமரிப் பல்கலைக்கழகத்திலும் பேணப்படுகின்றன. பலவற்றிற் திகதியில்லை. வரும் வாரம் வாசித்து முடிந்ததும் பயன் தீர்ந்துவிடும் என்று கருதியே அவை தட்டெழுதப்பட்டன.