தோளில் ஒரு வடு

ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரில், தாயின் இடுப்பிலிருக்கும் குழந்தையின் இடத்தோளில் ஒரு சிறு வடுவைக் காண்கிறோம். காசநோய்க்கு எதிராகப் பிறந்தவுடன் போடப்படும் பி.சி.ஜி. தடுப்பூசியின் தடம் அது. சமவெளியில் வாழும் நம்மில் பலர் தோளிலும் அது உண்டு. வடு என்பது உடல் வைத்துக்கொண்ட நினைவு என்றே நாம் நம்பி வந்திருக்கிறோம். அந்நம்பிக்கை சோதிக்கப்பட்ட இடம் இம்மலைக்குக் கிழக்கே, அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது.

இத்தடுப்பூசி தமிழகத்தில் ஐயத்துக்கு உள்ளானது புதிதன்று. 1955இல் ராஜாஜி இதனைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். எனினும் வாதத்தால் தீர்கிற வழக்கல்ல இது. 1968இல், ஏறத்தாழ 3,60,000 மக்கள் வாழ்ந்த பகுதியில் மாபெரும் ஆய்வு தொடங்கிற்று. சிலருக்கு டேனிஷ் வகை, சிலருக்குப் பிரெஞ்சு வகை, சிலருக்கு மருந்தற்ற வெறும் ஊசி. எவருக்கு எது என்பது ஊசி போட்டவருக்கும் தெரியாது.

இரண்டரை மாதங்களில் தோல் சோதனை நன்றாகவே பதிலளித்தது. உடல் கிருமியை அறிந்துகொண்டது என்பதே அதன் பொருள். இரண்டரை ஆண்டுகளில் அப்பதில் வெகுவாக மங்கிற்று. 1979இல் வெளியான முடிவோ உலகைத் திகைக்க வைத்தது: நுரையீரல் காசநோயிலிருந்து தடுப்பூசி காக்கவில்லை. 1999இல் வெளிவந்த பதினைந்தாண்டு முடிவும் பெரியவர்களைப் பொறுத்தவரை அதையே சொன்னது.

அறிந்த உடல் ஏன் காக்கவில்லை? மண்ணிலும் நீரிலும் வாழும் காசநோய்க் கிருமியின் உறவினங்கள் முன்பே உடலைப் பழக்கிவிட்டிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். மற்றொரு வெளிச்சம் அதே 1999இல் வந்தது. தூண்டப்பட்ட டி அணுக்கள் எல்லாம் ஒரே வகை நினைவாக மாறுவதில்லை என்று சலுஸ்டோவும் லன்சவேக்கியாவும் காட்டினர். பெரும்பான்மை போரிட்டு மடிகின்றன. எஞ்சுவனவற்றுள் சில நிணநீர்க் கணுக்களில் தங்கி, தேவைப்படும்போது பெருகுகின்றன. சில திசுக்களில் சுற்றி உடனே தாக்குகின்றன. திசுவிலேயே குடியிருந்து காவல் காப்பவையும் உண்டு எனப் பின்னர் தெரிந்தது.

தோல் சோதனைக்குப் பதிலளிக்கும் நினைவு, நுரையீரலின் வாயிலில் நிற்கும் நினைவாக இருக்க வேண்டியதில்லை. 2020இல் வெளியான குரங்காய்வு இதற்கு வலுச் சேர்த்தது. அதே பி.சி.ஜி.யைத் தோலில் அன்றி சிரை வழியே செலுத்தியபோது, நுரையீரலில் டி அணுக்கள் குடியேறின; பத்தில் ஒன்பது குரங்குகள் நன்கு காக்கப்பட்டன. மருந்து ஒன்றே, வழி மாறியதும் நினைவு மாறிற்று. மனிதருக்கு அது முறையாக இன்னும் வரவில்லை.

அதனால் அக்குழந்தையின் வடு பொய்யாகிவிடவில்லை. மழலைப் பருவத்தில் மூளையைத் தாக்கும் காசநோயிலிருந்து அது பெருமளவு காக்கிறது. ஆனால் வளர்ந்தபின் அவளுடைய நுரையீரலைக் காக்க அந்த நினைவு போதாது. தோல்வி என்று பலர் ஒதுக்கிய செங்கற்பட்டு ஆய்வுதான் இந்தக் கடனை நமக்கு நினைவூட்டிக்கொண்டிருக்கிறது.